தவளை சார்

அது லேப்டாப்பு தம்பி, கால வச்சிராதீங்க. மேல வச்சிருப்பேன், ஆனா அந்தக் கம்பி ஆடுற ஆட்டத்தப் பாத்தா நம்பிக்கை வரல. பரவால்ல, நான் மடியிலயே வச்சுக்கிறேன். நீங்க தாராளமா உக்காருங்க.

மதுரையா? நமக்கு ராஜபாளையம், திருமங்கலத்துல இறங்கணும். அந்தா, டிரைவருக்குப் பின்னாடி, பச்சச் சேல. அது என் வீட்டுக்காரம்மா வேலம்மாள். ராஜபாளையத்துல ஜன்னல் ஓரம் கிடைச்சதும் போய் உக்காந்தவ, இன்னும் திரும்பிப் பாக்கல.

கம்ப்யூட்டர் லைன்ல இருக்கீங்களா? உரக் கம்பெனியா. நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னா முழுசாக் கேக்க மாட்டாங்க. பாதியிலயே, "நீங்க வேற மாதிரிப் பண்ணிருக்கணும்"பாங்க.

இது ரொம்பப் பழைய லேப்டாப்பு. மூடியில கீறல் தெரியுதா? ஆனா உள்ள ஓடுறது லினக்ஸ். அதுக்குக் காசு கிடையாது தம்பி. உலகம் பூரா ஆளுங்க சேந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கோ, யார் வேணா திருத்திக்கோன்னு விட்டிருக்காங்க. முதல்ல நானும் நம்பல. சும்மா குடுக்கிறவன் எவன் இருக்கான்? ஆனா நெசம். அத இந்த லேப்டாப்புல போட்டது நான். இந்தக் கையால.

இன்னைக்குத் திருமங்கலத்துல ஒரு கேம்ப். பழைய லேப்டாப்பக் கொண்டாந்தா லினக்ஸ் போட்டுக் குடுக்கிறாங்க. அதுல நான் பேசுறேன். "முதியோரும் லினக்ஸும்"னு தலைப்பு. தலைப்புல எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா தவளை சார் கேட்டுக்கிட்டாரு. அவரு கேட்டு நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா?

தவளைதான். வாட்ஸப் குரூப்ல அவரு பேரு அதான், திருமங்கலத்துக்காரரு. படமும் தவளைதான், பச்சையா, கண்ண முழிச்சுக்கிட்டு. சொல்றேன்.

நான் மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவன். யாரு எப்ப உள்ள வந்தா, எப்ப வெளிய போனா, எல்லாம் என் கண்ணத் தாண்டிதான் நடக்கணும். ஒருத்தன் என்னை ஏமாத்தினது கிடையாது. அது ஒரு பார்வை தம்பி, எல்லாருக்கும் வராது. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் எங்க தெருச் சாக்கடை என் பொறுப்புக்கு வந்துச்சு. யாரும் குடுக்கல. நானா எடுத்துக்கிட்டேன். நகராட்சிக்கு மனு எழுதணும். கையால எழுதுனா ஒருத்தனும் படிக்கிறதில்ல, டைப் அடிச்சுக் குடுத்தா, "உக்காருங்க சார்"ங்கிறான்.

இந்த லேப்டாப்பு என் மகளுக்கு வாங்குனது. செண்பகவல்லி. இன்ஜினியரிங் சேந்தப்ப வாங்கிக் குடுத்தேன். அவ வீட்டுல இருந்த வரைக்கும் நான் சொல்லச் சொல்ல மனுவ அடிச்சுக் குடுப்பா. நடுவுல நடுவுல, "அப்பா, இந்த வரி வேணாமே"ம்பா. பாத்தா அந்த வரியத்தான் நான் யோசிச்சு யோசிச்சு வச்சிருப்பேன்.

இப்ப அவ இல்ல. ஐயோ, அப்படி இல்ல. இருக்கா. வீட்டுல இல்ல.

அதையும் சொல்லிடறேன், இல்லன்னா நீங்க என்னத்தையோ நினைப்பீங்க. கம்ப்யூட்டர்தான் படிச்சா. பெங்களூர்ல வேலையும் கிடைச்சது. நான் அனுப்பல. தெரியாத ஊரு, பொம்பளப் பிள்ளை. வீட்டுலயே இருந்தா. நான் என்ன குறை வச்சேன், சொல்லுங்க? தனி ரூம், ஃபேன், இந்த லேப்டாப்பு. அப்புறம் வேலம்மாளுக்குக் காலு பிசகுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது செண்பகம். அங்க எக்ஸ்ரே எடுக்கிற பையன், அமலதாஸ். பேரச் சொன்னா உங்களுக்கே புரியும், நம்ம கோயிலு குளத்துக்கு வர்ற பையன் இல்ல. காலு பிசகுனது அம்மாவுக்கு, விழுந்தது மக. ஒரு நாள் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம்னு போன் வருது.

அன்னைக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாதுன்னேன். அவ்வளவுதான். பேசக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல தம்பி. அவளாத்தான் பேசல. நாலு வருஷம் ஆச்சு. பிடிவாதம். யாருகிட்ட இருந்து வந்துச்சோ.

விடுங்க. லேப்டாப்புக்கு வருவோம்.

ஆடி மாசம். சாக்கடை நிறைஞ்சு வாசல்ல நிக்குது. மனு அடிக்கலாம்னு இதத் திறந்தா, திறக்கவே ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். எழுத்து ஒண்ணு அடிச்சா அது யோசிச்சு யோசிச்சு வருது. பழைய சிஸ்டத்துக்கு இனிமே ஆதரவு கிடையாதுன்னு ஒரு பொட்டி வந்து நடுவுல நிக்குது. ஆதரவு கிடையாதுன்னு என்கிட்டயே சொல்றான் பாருங்க. கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் தொட்டுக்கூடப் பாக்கல. "இத எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்"னுட்டாரு. எடைக்கா! நல்லா இருக்கிற சாமான எடைக்குப் போடுறதா? அது என் மகளுக்கு... அது நல்ல சாமான்.

வீட்டுல வந்து சத்தம் போட்டுக்கிட்டு இருந்தேன். வேலம்மாள் வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "லினக்ஸ் போட்டா பழைய லேப்டாப்பும் ஓடுமாம்"ங்கிறா.

நான் அப்படியே நின்னுட்டேன். வேலம்மாள் வாயில லினக்ஸ். "உனக்கு யாருடி சொன்னா?"ன்னேன்.

"கோயில்ல ஒரு அம்மா சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"சிவப்புச் சேல கட்டுன அம்மா. வாட்ஸப்ல ஒரு குரூப் இருக்காம். தமிழ்லயே கேக்கலாமாம். இருங்க, அனுப்புறேன்."

வேலம்மாளுக்கு குரூப் லிங்க் அனுப்பத் தெரியும்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். கோயிலுக்குப் போனா பொம்பளைங்க என்னென்னவோ கத்துக்கிட்டு வர்றாங்க. நல்லதுதான்.

குரூப்ல சேந்தேன். முறைப்படி எழுதினேன். "பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு, கீழே பெயர் குறிப்பிட்டுள்ள ஞானகுருசாமி ஆகிய நான் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்"னு ஆரம்பிச்சு, லேப்டாப்பு வாங்குனதுல இருந்து கடைக்காரர் எடைக்குப் போடச் சொன்னது வரைக்கும், விடாம. அனுப்புனதும் ஒருத்தன் சிரிக்கிற மூஞ்சி போட்டான். இன்னொருத்தன் ரெண்டு மூஞ்சி. மூணாவது ஆளு, "ஐயா, இது கலெக்டர் ஆபீஸ் இல்ல"ன்னு போட்டான்.

அப்பதான் தவளை சார் வந்தாரு. "கிண்டல் பண்ணாதீங்க. அவர் எழுதுற விதம் அதுதான். அந்த மனுவுல எல்லா விவரமும் இருக்கு. உங்கள்ல எத்தனை பேரு முதல் தடவையே லேப்டாப் மாடல் நம்பர் போட்டீங்க?"ன்னு கேட்டாரு. சிரிச்ச மூஞ்சி போட்டவனுங்க அத அழிச்சிட்டானுங்க.

நான் எழுதுற விதம் அதுதான்னு அவருக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? ஒரே ஒரு மெசேஜ்தான் பாத்திருக்காரு. ஆளப் படிக்கிற திறமை. எனக்கு அந்தத் திறமை உண்டுங்கிறதால, இன்னொருத்தர்கிட்ட இருந்தா உடனே தெரிஞ்சிடும்.

அதுக்கப்புறம் தனியாவே எழுதச் சொல்லிட்டாரு. பேச மாட்டாரு, எழுத்துதான். ஒரு தடவை நான் போன் போட்டேன். எடுக்கல. "தொண்டை சரியில்ல சார், எழுதுங்க"ன்னாரு. எனக்கும் எழுத்துதான் வசதி. தவளைன்னு ஏன் பேரு வச்சீங்கன்னு ஒரு நாள் கேட்டேன். "ரொம்ப நாள் கிணத்துக்குள்ள இருந்தேன் சார்"னு போட்டாரு. என்ன தன்னடக்கம் பாருங்க. அம்புட்டு விஷயம் தெரிஞ்ச மனுஷன், தன்னைக் கிணத்துத் தவளைங்கிறாரு.

முதல் வேலை, பென் டிரைவ்ல லினக்ஸ இறக்கணும். லினக்ஸ்லயே மின்ட்னு ஒரு வகை, அத இறக்கச் சொன்னாரு. மின்ட்டுன்னா புதினாவாம். புதினா, தவளை, எனக்கு என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. செஞ்சேன். அப்புறம் லேப்டாப்ப ஆன் பண்ணும்போதே கீபோர்டுல ஒரு கட்டைய அமுக்கிப் பென் டிரைவ்ல இருந்து எந்திரிக்க வைக்கணும். அதுக்கு முன்னாடி எழுதுறாரு, "சார், அந்த ஹால் ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்துப் பிளக்குல சொருகாதீங்க, லூசா இருக்கும். பாதியில கரண்ட் போனா கஷ்டம். டி.வி. பிளக்குல போடுங்க."

போய்ப் பாத்தா ஃபேன் சுவிட்சுப் பக்கத்துப் பிளக்கு லூசுதான்! வேலம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, திருமங்கலத்துல உக்காந்துக்கிட்டு நம்ம வீட்டுப் பிளக்கு லூசுன்னு சொல்றாரு."

"ஆமா, எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்களோ"ன்னா. முகத்தத் திருப்பிக்கிட்டா. அவளுக்கு இந்த மாதிரி விஷயத்துல ரசனை கம்மி.

அனுபவம் தம்பி. நல்ல டெக்னீசியனுக்கு எல்லா வீடும் ஒண்ணுதான். இடது பக்கம் ஆல்ட் கட்டை உடைஞ்சிருக்கும், வலது பக்கத்தத் தட்டுங்கன்னாரு. உடைஞ்சுதான் இருந்துச்சு. இன்ஸ்டால் ஆக நேரமாகும் சார், வெறும் வயித்துல உக்காராதீங்க, மாத்திரை போட்டாச்சான்னாரு. எனக்குச் சுகருன்னு எப்படித் தெரியும்? நம்ம ஊருல இந்த வயசுல யாருக்குத்தான் இல்ல. கணக்குப் போட்டுத்தான் சொல்றாரு.

அப்புறம்தான் அந்த இடம் வந்துச்சு. திரையில கேக்குது, டிஸ்க்குல உள்ளது எல்லாத்தையும் அழிச்சிடவான்னு. அவர்கிட்டக் கேட்டேன். உடனே பதில் வரல. அப்புறம், "அதுல வேற யாரோடதாவது ஏதாவது இருக்கா சார்?"ன்னு கேட்டாரு.

"என் மகளுடையது உள்ளது. அழித்துவிடலாம்"னு எழுதினேன்.

"மகள் எங்க இருக்காங்க சார்?"

"இல்லை"ன்னு போட்டேன்.

எழுதுறாரு, எழுதுறாருன்னு மேல காட்டுது. ரொம்ப நேரம் காட்டுச்சு. ஒண்ணும் வரல. அன்னைக்கும் வரல, மறுநாளும் வரல. அப்பதான் எனக்கு உறைச்சுது. இல்லைன்னா செத்துப் போயிட்டான்னு நினைச்சுட்டாரோ? பாவம், இளகின மனசு. உடனே விளக்கமா எழுதினேன். "தவறாக எண்ண வேண்டாம். உயிருடன் இருக்கிறாள். வேறு ஊரில் நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன்."

கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு. "நலமாத்தான் இருப்பாங்க சார். அழிக்கிறது உங்க இஷ்டம். ஆனா அழிச்சா திரும்ப வராது."

வராதுன்னா வராம போகட்டும். வந்து என்ன செய்யப் போகுது? இருந்தாலும் உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்தேன். காலேஜ் பாடம். ஃபோட்டோ. குற்றாலத்துல எடுத்தது ஒண்ணு, நான் அருவியில தலையக் குடுத்துக்கிட்டு நிக்கிறேன், என் கண்ணாடிய அவ மாட்டிக்கிட்டு நிக்கிறா. "அப்பா மனு"ன்னு ஒரு இடத்துல என் மனு எல்லாம் வச்சிருக்கா, தேதி வாரியா. மில்லுல நான் கூட அப்படி வச்சதில்ல.

கடைக்குப் போயி ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வந்தேன். அம்புட்டையும் அதுல ஏத்தினேன். பாசம் கீசம்னு நினைக்காதீங்க. இருக்கிற சாமான வீணாக்கக்கூடாதுங்கிறது என் கொள்கை. தவளை சாருக்கும் எழுதினேன், "தொழில்நுட்பக் காரணங்களுக்காகப் பிரதி எடுத்துக்கொள்ளப்பட்டது"ன்னு.

"நன்றி சார்"னு போட்டாரு.

நன்றி நான் சொல்லணுமா, அவரு சொல்லணுமா? மரியாதை தெரிஞ்ச மனுஷன்.

அப்புறம் அழிச்சேன். புதினா ஏறுச்சு. ஏறி முடிஞ்சு அந்தத் திரை வந்துச்சு பாருங்க, கழுவி விட்ட வாசல் மாதிரி. மறுபடி ஆன் பண்ணினேன். டீ இல்ல, தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல, வந்துருச்சு. வேலம்மாளைக் கூப்பிட்டேன். வந்து பாத்தா. மூடிய இப்படித் தடவிக் குடுத்தா, மாட்டத் தடவுற மாதிரி.

பாஸ்வேர்டு வைக்கணும்னாரு. உங்களுக்கு மறக்கவே மறக்காததா வைங்க சார்னாரு. எனக்கு மறக்காத பேரு ஒண்ணுதான். அத வச்சேன். என்னான்னு கேக்காதீங்க, யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவரே சொல்லியிருக்காரு.

அதுலயும் ஒரு கூத்து. கருப்புத் திரை ஒண்ணு இருக்கு, அதுல உத்தரவு போட்டா வேலை நடக்கும். உத்தரவு போட்டேன், பாஸ்வேர்டு கேட்டுச்சு. அடிக்கிறேன், ஒண்ணும் விழல. புள்ளிகூட இல்ல. கீபோர்டு செத்துப் போச்சுன்னு எழுதினேன். "செத்துப் போகல சார். கண்ணுக்குத் தெரியாது, ஆனா உள்ள விழுந்துக்கிட்டுத்தான் இருக்கும். நம்பி அடிங்க"ன்னாரு. நம்பி அடிச்சேன். வேலை நடந்துச்சு.

எல்லாம் ஆச்சு, வைஃபை மட்டும் வரல. அது இல்லாம மனு அனுப்ப முடியாது. அந்தச் சமயம் பாத்துத் தவளை சார், "கொஞ்ச நாள் லீவு சார், நான் திரும்பி வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க"ன்னுட்டாரு. என் நேரம், அதே வாரம் வேலம்மாள் பொட்டியக் கட்டுறா. சங்கரன்கோவில்ல அவ அக்காவுக்கு மூட்டு ஆபரேஷனாம். பாத்துக்க ஆளில்லையாம். ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு அவ வர. இங்க வைஃபை இல்ல, சோறு இல்ல. ஓட்டல்ல சாப்புட்டேன். சுகரு எகிறுச்சு. ஒரு மனுஷனுக்கு எல்லாக் கஷ்டமும் சேந்து வரும்பாங்க, இதுதான் அது.

அக்கா தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தாங்க. மாடிப்படி கடகடன்னு ஏறுறாங்க. நான் அசந்துட்டேன். அந்த டாக்டர் யாருன்னு விசாரிச்சேன், அந்தம்மா, "எந்த டாக்டர்?"னு கேட்டாங்க. நோயே மறந்து போற அளவுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்காரு.

தவளை சார் லீவு முடிஞ்சு வந்தாரு. வந்த பிறகு பழைய சுறுசுறுப்பு இல்ல. ஒரு வரி போடுவாரு, பாதியில காணாமப் போவாரு. "தூக்கம் இல்ல சார்"பாரு. ஒரு தடவை கைதவறி ஒரு குரல் பதிவு வந்துச்சு. கேட்டா பச்சக் குழந்தை அழுகுது, அவ்வளவுதான். "தங்கள் இல்லத்தில் குழந்தையா?"ன்னு எழுதினேன். "ஆமா சார். பொண்ணு"ன்னாரு. "வாழ்த்துகள். நன்றாகப் படிக்க வையுங்கள்"னு எழுதினேன். நம்ம கடமை, சொல்றது.

"வேலைக்கு அனுப்பலாமா சார்?"னு கேட்டாரு.

இது என்ன கேள்வி, தம்பி? பச்சக் குழந்தைய வேலைக்கு அனுப்பலாமான்னு. தூக்கம் இல்லாததால கேக்கிறாருன்னு விட்டுட்டேன். ஆனா அன்னைக்குப் பூரா அது என்னமோ மண்டைக்குள்ளயே நின்னுச்சு. சாயங்காலம்தான் பதில் போட்டேன். "அது அந்தக் குழந்தையின் விருப்பம்"னு. இப்ப காலம் அப்படித்தான இருக்கு. அதுக்கு அவரு ஒரு பூ மட்டும் போட்டாரு.

வைஃபையா? வந்துருச்சு. போனையும் லேப்டாப்பையும் ஒயர் போட்டு இணைச்சு, போன்ல இருந்து நெட்ட உள்ள விட்டு, அதுக்கான டிரைவர இறக்கச் சொன்னாரு. டிரைவர்னா பஸ் டிரைவர் இல்ல, அது ஒரு சின்ன புரோகிராம். இறக்கினதும் வந்துருச்சு. அப்புறம் தமிழ் கீபோர்டு. நான் பழைய டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணவன், அந்த முறையில அடிச்சாத்தான் எனக்குக் கை ஓடும். அதுவும் இருக்கு தம்பி அதுல! எவனோ ஒருத்தன், எந்த ஊர்லயோ உக்காந்து, நம்ம மாதிரி ஆளுக்குன்னு செஞ்சு வச்சிருக்கான். முகம் தெரியாத ஆளு.

முதல் மனு சாக்கடைக்கு. அடிச்சு முடிச்சதும் தவளை சாருக்கு அனுப்பினேன், பாத்துச் சொல்லுங்கன்னு. "நல்லா இருக்கு சார். அந்த அஞ்சாவது வரி மட்டும் வேணாமே"ன்னாரு.

அந்த வரியத்தான் நான் யோசிச்சு யோசிச்சு வச்சிருந்தேன்.

எடுத்துட்டேன். எடுத்துட்டுப் படிச்சா, இல்லாமலே நல்லாத்தான் இருக்கு. சாக்கடைய அள்ளிட்டாங்க.

அதான் இந்த கேம்ப். தை பொறந்ததும் கூப்பிட்டாரு. "எங்க குரூப்ல உங்க வயசுல தானே போட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான் சார், வந்து பேசுங்க. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. அம்மாவுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்கலாம்னு இருந்தேன், மரியாதைக்குச் சொல்றாரு, சரின்னுட்டேன். வேலம்மாள்கிட்டச் சொல்லப் போனா, அவ பையக் கட்டி வச்சிருக்கா. நான் இன்னும் வாயே திறக்கல.

அந்தப் பையில என்ன இருக்குங்கிறீங்க? அதிரசம். ஒரு தூக்கு நிறைய. குரூப் ஆளுங்களுக்கு எதுக்குடி அதிரசம்னா, கம்ப்யூட்டர் வேலை பாக்கிறவங்களுக்குப் பிடிக்கும்கிறா. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல நின்னு வசம்பு வளையல் வாங்குறா, பச்சக் குழந்தைக்குப் போடுறது. கேட்டா, "குரூப்ல யாருக்காவது குழந்தை இருக்கும்ல"ங்கிறா. நானும் யோசிச்சேன், தவளை சார் குழந்தைக்கு ஆகும். நல்ல யோசனைதான்னு சொன்னேன். ஒரு சில விஷயத்துல அவளுக்கு என்னைவிட மூளை.

அடையாளம் தெரியணுமில்ல, அதுக்காக நேத்து எழுதினேன். "வெள்ளைச் சட்டை, மடியில் லேப்டாப் பை, உடன் மனைவி"ன்னு. "எனக்கு உங்களைத் தெரியும் சார்"னு போட்டாரு. இம்புட்டு மாசமா எழுதிக்கிட்டு இருக்கோம், தெரியாம போகுமா? பஸ் ஸ்டாண்டுலயே நிப்பேன்னிருக்காரு.

செண்பகமும் திருமங்கலம் பக்கம்தான் இருக்கிறதாக் கேள்வி. நான் விசாரிக்கல. திருமங்கலம் பெரிய ஊரு. ரயில்வே ஸ்டேஷன் எல்லாம் இருக்கு.

வந்துருச்சா? பேச்சு சுவாரசியத்துல பாக்கல. இந்தா, வேலம்மாள் எந்திரிச்சு வர்றா. என்னடி? பையா? நானே எடுத்துட்டு வர்றேன். சரி, இந்தா பிடி, பாத்துப் பிடி. பாருங்க தம்பி, லேப்டாப்பையும் வாங்கிட்டுப் படிக்கட்டுல போய் நிக்கிறா, பஸ் இன்னும் நிக்கவே இல்ல. காலு பிசகுன பொம்பள.

கொஞ்சம் வழி விடுங்க. நீங்க உக்காருங்க, நான் இப்படித் தாண்டிக்கிறேன். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டா தாண்டிடலாம். ம்.

ஜன்னல் வழியா கொஞ்சம் பாருங்க, யாராவது ஆளத் தேடுற மாதிரி நிக்கிறாங்களா? நாப்பது வயசு இருக்கும்னு நினைக்கிறேன். கண்ணாடி போட்டிருப்பாரு.

அந்த டீக்கடைப் பக்கம்... தம்பி, கொஞ்சம் தலையச் சாய்ச்சுக்கோங்க.

அது செண்பகம்.

செண்பகம்தான். மெலிஞ்சிருக்கா. தோள்ல ஒரு குழந்தை. அவ எதுக்கு இங்க நிக்கிறா? யாரையோ பஸ் ஏத்திவிட வந்திருப்பா. அந்தக் குழந்தை யாரோடதோ. வேலம்மாள் இறங்கிட்டா. நேரா அங்கதான் போறா. பாருங்க, அவளுக்கு ஆச்சரியமே இல்ல. குழந்தைய வாங்கல. முதல்ல மக கன்னத்தத் தொடுறா. இப்பதான் குழந்தையத் தொடுறா.

நான் மதுரை வரைக்கும் வந்துட்டு வேற பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிடலாமான்னு பாக்கிறேன். மதுரையில எனக்கு ஒரு வேலை இருக்கு. இல்ல, இருந்துச்சு.

தவளை சாரக் காணோமே. சொன்ன சொல்லுத் தப்பாத மனுஷன். இருங்க, ஒரு மெசேஜ் போட்டுப் பாக்கிறேன். "வந்து சேர்ந்துவிட்டேன். தாங்கள் எங்கு உள்ளீர்கள்?" போயிருச்சு.

அவ போனப் பாக்குறா, தம்பி.

குழந்தைய இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்துறா. ஒத்தக் கையால என்னமோ அடிக்கிறா.

வந்துருச்சு. என் போன்தான். எழுத்து ஆடுது. பஸ் நின்னுருச்சுல்ல? பின்ன ஏன் ஆடுது? நீங்க படிங்க. என்ன போட்டிருக்கு?

"எதிர்லதான் நிக்கிறேன் சார்."

இன்னொரு தடவை படிங்க.

சரி. குடுங்க.

இறங்குறேன் கண்டக்டரே, இறங்குறேன். விசில் ஊதாதீங்க. மதுரைக்கு எல்லாம் வரல, திருமங்கலம்தான் டிக்கெட்டு. ஒரு நிமிஷம் பொறுங்க, இந்த வேட்டிய இறக்கி விட்டுக்கிறேன். தவளை சார் முன்னாடி மடிச்சுக் கட்டிக்கிட்டா போய் நிக்கிறது?